கார்பன் என்எம்ஆர்: 120-க்குக் கீழே ஒரு கண் வையுங்கள்

கார்பன் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து ஒரு சேர்மத்தின் கார்பன்களை அடையாளம் காணும் முறை) படம் கைக்கு வந்ததும் முதலில் 77 பிபிஎம்-ஐ (கோடு நிற்கும் இடத்தின் அளவு, கீழே வரும் எண்களும் இதில்தான்) ஒட்டி நிற்கும் மூன்று கோடுகளை ஒதுக்கிவிடுங்கள், அது கரைப்பானான டியூட்டிரோ குளோரோஃபார்ம். அப்புறம் மேல்கோடி: 190-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஆல்டிஹைடோ கீட்டோனோ, 165 முதல் 185 வரை என்றால் அமிலமோ எஸ்டரோ. நம்ம ரீயூனியன் வனிலாவுக்கு மணம் தரும் வனிலினில் ஆல்டிஹைடு 191-இல் தனியாக நிற்கும், மீத்தாக்சி (ஆக்சிஜனில் ஒட்டிய மெத்தில்) 56-இல். சிக்கல் அதன் ஆறு கார்பன் பென்சீன் வளையத்தில்தான். ஆக்சிஜன் நேராக ஒட்டிய இரண்டு கார்பன்கள் 147, 152 என்று ஏறிவிடும், ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவை 109, 114 என்று இறங்கிவிடும், ஏனென்றால் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களை வளையத்துக்குள் தள்ளுகிறது. ஆகவே வளையக் கார்பன் 120-க்குக் கீழே தெரிந்தால் பக்கத்திலோ எதிர்முனையிலோ ஆக்சிஜனை, இல்லாவிட்டால் நைட்ரஜனைத் தேடுங்கள். கோட்டின் உயரத்தை வைத்துக் கார்பனை எண்ண வேண்டாம், ஹைட்ரஜன் இல்லாதவை குட்டையாகத்தான் வரும்.