இணைப்புக் குண்டு முறிவது எங்கே? ட்ரெய்லர் இழுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விடியற்காலையில், சிறிய ஃபைபர் படகு ஒன்றை ட்ரெய்லரில் ஏற்றி, மலேசியாவின் பெருநிலக் கரையிலுள்ள பத்து காவான் என்ற ஊரிலிருந்து பினாங்குத் தீவிலுள்ள பத்து மாவுங்கிற்கு இரண்டாவது பினாங்குப் பாலத்தின் வழியாக வந்துகொண்டிருந்தேன். பாலத்தின் ஒவ்வொரு மூட்டையும் கடக்கும்போது காரின் பின்னாலிருந்து 'டக்' என்ற ஓசை கேட்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தை மெதுவாகக் கடந்து, கரையில் நிறுத்தி, ட்ரெய்லரைக் கழற்றிப் பார்த்தபோது, ட்ரெய்லரைக் காரின் பின்னால் பூட்டுவதற்கான, பட்டறைகளில் டோ பால் என்று அழைக்கப்படும் அந்த இணைப்புக் குண்டு என் கைக்கே சுழன்றது. அடியிலிருந்த நட்டு பல சுற்றுகள் கழன்றிருந்தது. குண்டின் பளபளப்பை வாரந்தோறும் துடைத்து வைத்த நான், அதற்குக் கீழே குனிந்து பார்த்ததே இல்லை.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். உருண்டு திரண்ட எஃகுக் குண்டைப் பார்த்து, இது எதையும் தாங்கும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் முறிவது பெரும்பாலும் குண்டு அன்று. அதன் அடியில், காரின் பின்புறம் குண்டைத் தாங்கும் இழுவைத் தகட்டின் துளைக்குள் மறைந்திருக்கும் தண்டுதான் முறிகிறது. நட்டு சரியாக முறுக்கப்பட்டிருக்கும்போது, குண்டின் அகன்ற அடிப்பகுதி தகட்டோடு இறுக அழுந்தி, இழுவிசையின் பெரும்பங்கைத் தகட்டிற்கே கடத்திவிடுகிறது. நட்டு தளர்ந்துவிட்டால் அந்த அழுத்தம் போய்விடும்; வண்டி புறப்படும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், சாலை மேட்டில் ஏறி இறங்கும்போதும் குண்டு முன்னும் பின்னும் அசைந்து, தண்டை மீண்டும் மீண்டும் வளைக்கும். மரையின் பள்ளத்தில் மயிரிழை போன்ற விரிசல் தொடங்கி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே பரவும். இறுதியில் எஞ்சிய மெல்லிய பகுதி ஒரே இழுப்பில் உடைகிறது. அப்படி உடைந்த தண்டின் முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும், கடைசியாக முறிந்த பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும். அந்த வழவழப்பு, விரிசல் வெகுநாட்களாகவே இருந்தது என்பதற்குச் சாட்சி.

எனவே நட்டைக் கைப்பலத்தை நம்பி முறுக்காமல், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் முக்கால் அங்குலத் தண்டிற்குச் சுமார் 217 நியூட்டன் மீட்டரும், ஓர் அங்குலத் தண்டிற்குச் சுமார் 340 நியூட்டன் மீட்டரும் குறிப்பிடுகிறார்கள். உங்கள் குண்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பூட்டு வாஷரை விட்டுவிடக் கூடாது. மரையின் நுனி நட்டிற்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். துளை தண்டைவிடப் பெரிதாக இருக்கிறது என்று வாஷர்களை அடுக்கிச் சமாளிப்பதும், நட்டு கழலாமலிருக்கப் பற்றவைத்துவிடுவதும் பெரும் பிழைகள். பற்றவைக்கும் சூடு, பதப்படுத்தப்பட்ட எஃகின் தன்மையையே மாற்றிவிடும்.

அடுத்தது அளவுப் பொருத்தம். சந்தையில் 50 மில்லிமீட்டர், 2 அங்குலம் (50.8 மில்லிமீட்டர்), 2 அங்குலமும் பதினாறில் ஐந்து பங்கும் (58.7 மில்லிமீட்டர்) எனக் குண்டுகள் உண்டு, அளவு பெரும்பாலும் குண்டின் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கப்ளர் என்பது ட்ரெய்லரின் மூக்கில் குண்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு. 58.7 மில்லிமீட்டருக்கான கப்ளரை 50 மில்லிமீட்டர் குண்டின்மேல் வைத்தால், அது நன்றாகப் பூட்டிக்கொண்டது போலவே தோன்றும், சமதளத்தில் இழுக்கவும் செய்யும். ஒரு குழியிலோ வேகத்தடையிலோ தூக்கிப்போட்டவுடன் கழன்று மேலெழும். இதனாலேயே பூட்டிய பிறகு ட்ரெய்லரின் முன் ஜாக்கைச் சற்று உயர்த்திப் பார்க்க வேண்டும். காரின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால்தான் கப்ளர் குண்டைப் பிடித்திருக்கிறது.

50 மில்லிமீட்டர் குண்டு தேய்ந்து 49 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். மெல்லிய கிரீஸ் தேய்மானத்தைக் குறைக்கும் என்றாலும், உராய்வுப் பட்டைகள் கொண்டு ஆட்டத்தை அடக்கும் வகைக் கப்ளர்களில் கிரீஸ் படவே கூடாது.

தாங்கும் திறனைப் பொறுத்தவரை, கார், இழுவைச் சட்டம், தகடு, குண்டு, கப்ளர் ஆகியவற்றுள் எதன் அளவு மிகக் குறைவோ அதுவே முழு இணைப்பின் அளவு. தைப்பூசக் காலத்தில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பந்தல்களுக்குத் தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் ட்ரெய்லரில் கொண்டுபோகிறவர்கள் இதைச் சற்று நின்று கணக்கிட வேண்டும் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். 500 லிட்டர் தண்ணீர் என்பது 500 கிலோ. அந்தத் தொட்டியை ட்ரெய்லரின் வால்பக்கம் வைத்தால் முன்மூக்கு லேசாகி, குண்டின்மேல் அழுந்தும் எடை குறைந்து, வேகம் கூடும்போது ட்ரெய்லர் பாம்பைப் போல் வளைந்தாடத் தொடங்கும். பாதி நிரம்பிய தொட்டியிலோ தண்ணீர் தளும்பி எடையே இடம் மாறும். அமெரிக்க வழக்கில் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு குண்டின்மேல் இருக்க வேண்டும் என்பார்கள். எனினும் உங்கள் காரின் கையேடு குறிப்பிடும் உச்ச அளவை மீறக் கூடாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் முடுக்கியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விட வேண்டும்.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். இணைப்பு விட்டுப்போனாலும் மூக்கு தரையில் குத்தாமல், அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டிலாக ஏந்திக்கொள்ளும். திரும்புவதற்குப் போதிய நீளம் வேண்டும், ஆனால் சாலையில் உரசக் கூடாது.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது. செம்பனைத் தோட்டத்துச் சேற்றிலோ கடற்கரை மணலிலோ ஒரு வண்டி புதைந்துவிட்டால், அருகிலிருப்பவர் உடனே கயிற்றின் வளையத்தை இணைப்புக் குண்டில் மாட்டி இழுக்கிறார். குண்டு, உருளும் ட்ரெய்லரைச் சீராக இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. புதைந்த வண்டியை நீளும் கயிறு கட்டி ஓடிவந்து இழுக்கும்போது உண்டாகும் அதிர்ச்சி விசை, குண்டின் மேல் பொறித்த அளவைப் பலமடங்கு தாண்டக்கூடும். தண்டு முறிந்தால், கயிறு தன்னுள் சேர்த்த ஆற்றல் முழுவதையும் பெற்ற அந்தக் குண்டு, பீரங்கிக் குண்டைப் போல் கண்ணாடியைத் துளைத்து உள்ளே பாயும். ஆஸ்திரேலியாவில் இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியின் சட்டத்தில் மீட்புக்கென்றே அளவிட்டுப் பொருத்தப்பட்ட கொக்கியையோ, வண்டியின் பின்னால் இழுவைச் சட்டத்திலுள்ள ஏற்புக் குழாயில் செருகும் அளவிட்ட மீட்புக் கட்டையையோ, பாரம் பொறிக்கப்பட்ட ஷேக்கிளோடு (கயிற்றை மாட்டும் வளைந்த எஃகு வளையம்) பயன்படுத்துங்கள். இவை கையில் இல்லாவிட்டால் மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டுங்கள், டயரின் காற்றைக் குறைத்துப் பாருங்கள், அல்லது உரிய கருவியோடு ஆள் வரும்வரை காத்திருங்கள். கயிறு இறுகுவதற்கு முன், வேடிக்கை பார்க்க நிற்கும் குழந்தைகள் உட்பட எல்லோரையும் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவிற்கு, கயிற்றின் நேர்க்கோட்டில் இல்லாதவாறு, அனுப்பிவிடுங்கள்.