தேவசித்தம் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டையில் பலருக்கும் வந்து விழும் வசனம் எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' வேலை போனவர், விசாவுக்குக் காத்திருப்பவர், வரன் அமையாதவர் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறோம். இந்த வருஷமே நடந்துவிடும் என்று நாமே ஒரு தேதியையும் சேர்த்துவிடுகிறோம். தேவசித்தத்தை, அதாவது நமக்காகக் கர்த்தர் நினைத்திருப்பதை, தேடுவதில் முதல் தவறு அங்கேதான்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதத்தில் வரும் வசனம் அது. அதற்கு முந்திய வசனமே, பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் திரும்புவீர்கள் என்கிறது. 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பும் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைக் கழற்றி உடைத்தான். கூட்டம் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன? எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், சிறைப்பட்டு வந்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது. 'கர்த்தர் வெளிநாட்டுக்கு வழி திறப்பார்' என்று சொல்லிக்கொண்டு, கையிலிருக்கும் வேலையை அரைமனதாகச் செய்பவர்கள் அந்த அதிகாரத்தை முழுதாக ஒருமுறை படிக்கலாம்.

அப்புறம், அடையாளம் கேட்பது. 'நாளைக்குள் போன் வந்தால் இந்தச் சம்பந்தத்தை முடித்துவிடுவோம்' என்பார்கள். கேட்டால், ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்ய வேண்டும் என்று கிதியோன் கர்த்தரிடம் அடையாளம் கேட்டதைக் காட்டுவார்கள். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தில், கிதியோன் என்ன செய்ய வேண்டும் என்பது தோலைப் போடுவதற்கு முன்பே அவனுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. பயத்தில்தான் மறுபடி கேட்டான். இரண்டாம் முறை கேட்கும்போது, என்மேல் கோபப்படாதேயும் என்று அவனே கெஞ்சுகிறான். அந்தப் பயத்தைக் கர்த்தர் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதை ஒரு முறையாக்கி நாம் வைத்துக்கொள்வதில், முடிவெடுக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஆசைதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது அவிசுவாசம் ஆகிவிடாது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14இல் இயேசுவே சொல்கிறார்.

'வாசல் திறந்தது, அதனால் இது தேவசித்தம்' என்பதும் அவசர முடிவுதான். நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொன்னதைக் கேட்காமல் யோனா ஓடிப்போக நினைத்தபோது யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் இருந்தது, கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது!

எல்லாவற்றையும்விட மோசமானது, அடுத்தவர் வாழ்க்கைக்கு 'கர்த்தர் சொன்னார்' என்று முத்திரை குத்துவது. 'நீதான் என் மனைவி என்று கர்த்தர் காட்டினார்' என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அவள் மறுப்பதைக்கூடக் கீழ்ப்படியாமையாக்கி விடுகிறோம். மருந்தை நிறுத்து, இருக்கிற இடத்தை விற்றுவிடு என்று ஊழியக்காரர் சொன்னாலும் இதே கதைதான். அப்போஸ்தலர் 21இல், எருசலேமுக்குப் போகவிருந்த பவுலை அங்கே கட்டிப்போடுவார்கள் என்று அகபு என்ற தீர்க்கதரிசி முன்னறிவித்தான். கூட இருந்தவர்கள் போகவேண்டாம் என்று அழுது கெஞ்சினார்கள். பவுல் கேட்கவில்லை. அதன்பின் அவர்கள், 'கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது' என்று சொல்லி அமர்ந்துவிட்டார்கள்.