கல்யாணமானவள் பெயரில் நிலத்தை எழுதிவிடாதீர்கள்

அமெரிக்கக் கிராமத்துப் பெண்களை வைத்து வரலாற்றுக் கதை எழுதும் புதியவர்கள் சிலர் என்னிடம் கைப்பிரதி அனுப்புகிறார்கள். படித்தால் என் பழைய நோட்டைப் புரட்டுவது போலவே இருக்கிறது. அந்தக் காலத்தில் இல்லாத ஜிப் வைத்த கவுன் மாதிரிப் பிழைகளை யாராவது பிடித்துவிடுவார்கள், விடுங்கள்.

மனைவியின் மனு

புருஷனோடு வாழும் நாயகி தன் பெயரில் அரசு நிலத்துக்கு மனு போடுவதைப் பார்த்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. லிங்கன் 1862-இல் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி அன்று 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனு போட முடிந்தது. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் பட்டா. ‘குடும்பத்தலைவர் அல்லது 21 வயது நிரம்பியவர்’ என்பதுதான் தகுதி, பெண்களுக்கும் உண்டு. அதை மட்டும் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். என் நாயகிக்கு 30 வயது. 1880-களின் நெப்ராஸ்காவில், குடிகாரக் கணவன் வீட்டில் தூங்க, அவள் தன் பெயரில் மனு கொடுத்தாள். 200 பக்கம் ஓடியது.

நில அலுவலகத்தில் நடைமுறை வேறு. கல்யாணமாகாதவள் போடலாம், விதவை போடலாம், விவாகரத்தானவளும் கைவிடப்பட்டவளும் போடலாம். புருஷனோடு வாழ்பவள் போட முடியாது. அங்கே தலைவர் அவன்தான். “அவனைச் சாகடித்துவிடேன்” என்றார் நண்பர். கடைசி அத்தியாயமே அவன் திருந்தி வருவதுதானே! மொத்தமும் குப்பைக்குப் போனது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், நிஜம் இதைவிட நல்ல கதை. பக்கத்துப் பக்கத்து நிலத்துக்கு மனு போட்ட அக்காவும் தங்கையும் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே குடிசை கட்டிக்கொள்வார்கள். அவரவர் கட்டில் அவரவர் நிலத்தில். குடியிருப்புக் கணக்கு சரியாகிவிடும். இதை ஏன் ஒருவரும் எழுதமாட்டேன் என்கிறார்கள்?

கரண்ட்

1930-களின் நடுவில்கூடப் பத்துப் பண்ணைகளில் ஏறக்குறைய ஒன்பதில் மின்சாரம் இல்லை. ரூஸ்வெல்ட் அதற்கென்று தனி நிர்வாகம் அமைத்ததே 1935-இல்தான். அதனால் 1932-இல் உங்கள் நாயகி சுவிட்சைத் தட்டக் கூடாது. இஸ்திரி போடுகிறாளா? நம்மூர்க் கரிப்பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பெரும்பாலும் கெட்டி இரும்பு. ஆகஸ்ட் வெயிலிலும் விறகடுப்பு எரிய வேண்டும். ஒன்று துணிமேல் ஓடும்போது இன்னொன்று அடுப்பில் காயும்.

துவைக்கும் நாள்

திங்கட்கிழமை.

பூப்போட்ட தீவனச் சாக்கில் தைத்த கவுன்

1880-இல் கிடையாது.