மேல்மண் அளவைக் கொண்டு ஆழத்து ஈரத்தைக் கணிப்பதில் நேரும் தவறுகள்

பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், ஒசகோட்டே பக்கம் நிலம் வைத்து மாவும் தென்னையும் வளர்க்கும் தமிழர்கள் சிலர், ஈரப்பத சென்சாரை மேல்மண்ணில் செருகிவிட்டு, கைப்பேசியில் தெரியும் எண்ணைப் பார்த்தே பாசனத்தை முடிவு செய்கிறார்கள். மேல்மண் அளவிலிருந்து ஆழத்து ஈரத்தைக் கணிக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு நாளின் அளவை வைத்து அதைச் செய்ய முடியாது. பெருந்தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஜூலை மாதத் தூறலில் சென்சாரின் எண் சட்டென்று ஏறிவிடும். அப்போது கடப்பாரையால் குத்திப் பார்த்தால், மேலே நாலு விரற்கடை செம்மண் கையில் ஒட்டும். ஒரு சாண் கீழே உள்ள மண்ணோ பொடியாக உதிரும். செப்டம்பர், அக்டோபர் மழை நின்று சில நாள் வெயில் அடித்த பிறகு நிலைமை தலைகீழாகிவிடும்: மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்திருக்க, இரண்டடிக்குக் கீழே மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்கும்.

ஆழத்து ஈரம் மேல்மண்ணைத் தாமதமாகவே பின்தொடர்வதால், பல நாள் அளவுகளைக் கோத்து, பழைய அளவுகளுக்குப் படிப்படியாகக் குறைந்த முக்கியத்துவம் கொடுத்துக் கணக்கிட வேண்டும். வாக்னர் குழுவினர் 1999இல் வெளியிட்ட அடுக்குக்குறி வடிகட்டி முறை இதைத்தான் செய்கிறது. அதில் நாள்கணக்கில் தரப்படும் கால மாறிலியை (பழைய அளவுகளின் முக்கியத்துவம் எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்பதைச் சொல்லும் எண்ணை) வேறு ஊர் ஆய்விலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. எத்தனை அடி ஆழத்துக்குக் கணிக்கிறோம், மண் எவ்வளவு வேகமாக நீரை இறக்குகிறது, ஆவியாதல் எவ்வளவு என்பவற்றையெல்லாம் பொறுத்து அது மாறும். இங்குள்ள செம்மண்ணில் கீழே போகப் போகக் களி கூடுவதுண்டு. ஆகவே ஓரடிக்குப் பொருந்தும் மாறிலி மூன்றடிக்குப் பொருந்தாது.

அந்த வடிகட்டி தருவது, மிகக் காய்ந்த நிலைக்கும் மிக ஈரமான நிலைக்கும் இடையில் மண் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒப்பீட்டு அளவு மட்டுமே. அதைத் தண்ணீராக மாற்ற, பயிர் வாடும் நிலையும் மண் தாங்கிப் பிடிக்கும் உச்ச ஈரமும் தெரிந்திருக்க வேண்டும். எடைக்கணக்கையும் கன அளவுக்கணக்கையும் குழப்பிக்கொள்வோரும் பலர். 100 கிராம் உலர்மண்ணில் 15 கிராம் நீர் இருந்து, மண்ணின் பருமஅடர்த்தி (இடைவெளிகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர்மண்ணின் எடை) கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் என்றால், கன அளவில் ஈரம் 22.5 சதவீதம், அதாவது 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 67.5 மில்லிமீட்டர் நீர்.

யூகலிப்டஸ் தோப்பை ஒட்டிய நிலத்தில் கூடுதல் கவனம் தேவை. ஆழ்வேர்கள் கீழிருந்து நீரை உறிஞ்சுவது மேல்மண் அளவில் தெரியாது. மூடாக்குக்கு அடியில் சொட்டுநீர் விடும் பாத்திகளிலும் மேல்மண்ணுக்கும் ஆழத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

செயற்கைக்கோள் தரவுக்கும் எல்லை உண்டு. 2015இல் ஏவப்பட்ட நாசாவின் மண் ஈரம் அளக்கும் செயற்கைக்கோளான ஸ்மாப் நேரடியாக உணர்வது ஏறத்தாழ மேல் 5 சென்டிமீட்டரை மட்டுமே. அதன் தரவுத்தொகுப்பில் வரும் வேர்மண்டல ஈரம், அந்த அளவீட்டை மண்–நீர் கணினி மாதிரியுடன் இணைத்துப் பெற்ற கணிப்பு. பல கிலோமீட்டர் அகலக் கட்டத்தின் சராசரியான அதை ஓர் ஏக்கருக்குரிய அளவாகக் கொள்வது சரியன்று.

கணிப்பைச் சரிபார்க்க, துளைப்பானால் ஆழத்து மண்ணை எடுத்து, ஈரமாக இருக்கும்போதே எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் எடைபோட வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை, மார்ச்–ஏப்ரலில் ஒருமுறை என்று மட்டும் எடுத்துவிட்டு, கணிப்பு பொருந்துகிறது என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. பருவம் மாறும்போது மேலும் கீழும் சேர்ந்தே நனைந்து சேர்ந்தே காய்வதால் எந்தக் கணிப்பும் அப்படிப் பொருந்திவிடும். ஒரே பருவத்துக்குள், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் எடுத்த மாதிரிகளோடு அது ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.