துருவை வைத்தே துருவைத் தடுப்பது: பழைய பிஸ்டலுக்கு ரஸ்ட் புளூயிங்

பழைய பிஸ்டல் ஒன்று கைக்கு வரும்போது அதன் நீலக் கறுப்புப் பூச்சு பெரும்பாலும் பாதி போயிருக்கும். ஸ்லைடின், அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தின், ஓரங்கள் உறையில் உரசி உரசி வெள்ளையாகியிருக்கும். கைவியர்வை பட்ட இடங்களில் செந்துரு பொட்டுப் பொட்டாகப் பூத்திருக்கும். இதை வீட்டிலேயே சரிசெய்ய ரஸ்ட் புளூயிங்கைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பெரிய இயந்திரம் வேண்டாம், கொதிக்கும் காரத்தொட்டி வேண்டாம். துருவை வரவழைக்கும் ஒரு கரைசல், ஒரு ஈரப்பெட்டி, பாத்திரம் நிறையக் கொதிநீர், மென்மையான கம்பி பிரஷ், அப்புறம் சில நாள் பொறுமை. அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். இரும்பின் மேல் மெல்லிய செந்துருவை நாமே வரவழைக்கிறோம். அதைக் கொதிநீரில் போட்டால் செந்துரு மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. செந்துரு இரும்பைத் தின்றுகொண்டே போகும். இந்தக் கறுப்பு அப்படிப் பரவாது, இரும்போடு ஒட்டி நிற்கும், எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை அடுக்கடுக்காகச் செய்தால் ஆழமான நீலக் கறுப்பு கிடைக்கும். கொதிநீரின் சூடு 100 டிகிரிதான் என்பதால் எஃகின் பதம் கெடாது. ஈயப் பற்று வைத்து ஒட்டிய இடங்களுக்கும் ஆபத்தில்லை. குழல்களை அப்படி ஒட்டிய இரட்டைக் குழல் துப்பாக்கிகளை இன்றும் இந்த முறையில் செய்வதற்குக் காரணம் அதுதான்.

தொடங்கும் முன்

மேகசினை (தோட்டாக்கூட்டை) கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. ஆயுதம் சட்டப்படி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வரிசை எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்கக் கூடாது. அதை அழிப்பது பல நாடுகளில் தனிக் குற்றம். மேல்பூச்சு வேலையை வீட்டில் செய்யலாமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி, இதைத் தொடவே வேண்டுமா என்பது. ஆலைப் பூச்சு ஓரளவு மிஞ்சியிருக்கும் அரிய பிஸ்டலைத் தேய்த்துப் புதிதாக்கினால், சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு விழுந்துவிடும். எந்தப் பூச்சு என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். லூகர் என்ற ஜெர்மானிய பிஸ்டலில் பழையவை ரஸ்ட் புளூ. 1937-இல் அதைச் செய்த மௌசர் ஆலை, சூடான கார உப்புக் கரைசலில் முக்கும் உப்புக் குளியல் முறைக்கு மாறியது. ரஸ்ட் புளூ செய்த லூகரில் பிரேமின் (பிடி உள்ள அடிப்பாகத்தின்) உட்புறம் வெறும் எஃகாகவே விடப்பட்டிருக்கும், ஏனென்றால் கரைசலை வெளியே மட்டும்தான் தடவினார்கள். உப்புக் குளியலில் முழுதாக முக்கி எடுத்ததில் உள்ளேயும் கறுப்பு ஏறியிருக்கும். இப்படிப்பட்ட அடையாளங்களை ஒருமுறை அழித்தால் மீட்க முடியாது.

இன்னொன்று: எல்லா உலோகத்துக்கும் இது பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, அலுமினியம் பிரேமுக்கு இது பயன்படாது, நிக்கல் முலாம் போட்டதில் கரைசலுக்கு வேலையே இல்லை.

முதலில் வெறுமனே வேகவைத்துப் பாருங்கள்

பலரும் நேராக எமரி பேப்பரை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. இருக்கும் செந்துருவையே கறுப்பாக்க முடியும் என்றால் உலோகத்தை ஏன் தேய்த்துக் கழிக்க வேண்டும்? பாகங்களைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, டிஸ்டில்டு வாட்டரில் இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். செந்துருப் பொட்டுகள் கறுத்து வெல்வெட் மாதிரி எழும்பும். அதை மென்மையான கம்பி பிரஷ்ஷால் துடைத்து எண்ணெய் தடவினால், பழைய பூச்சும் எழுத்துகளும் அப்படியே இருக்க, துரு மட்டும் அடங்கிவிடும். பல பிஸ்டல்களுக்கு இதுவே போதும். குழிவிழுந்ததும், பூச்சு பெரும்பாலும் போனதும்தான் முழு வேலைக்கு உரியவை.

கழற்றுதல், பழைய பூச்சை எடுத்தல்

ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய திருகுகளின் வெட்டு குறுகலாக, நேராக இருக்கும். சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு போல் சரிவதால் வெட்டின் உதட்டைப் பிய்த்துவிடும். இருபக்கமும் இணையாகத் தீட்டிய முனையே சரி. அசையாத திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பிடித் தகடுகளை, மரமோ ரப்பரோ, தனியே எடுத்து வையுங்கள்.

பழைய நீலத்தை எடுக்க வெள்ளை வினிகர் போதும். அரை மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். இடையிடையே எடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்குகளை மட்டும் வினிகரில் போடவே போடாதீர்கள். அமிலத்தில் கிளம்பும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் தடவுங்கள்.

தேய்ப்பு

கடைசியில் கண்ணில் படுவது இந்த வேலைதான். பூச்சு எந்தக் கீறலையும் மறைக்காது, எடுத்துக்காட்டவே செய்யும்.

கையால்தான் தேய்க்க வேண்டும். சுழலும் பஃபிங் சக்கரம் நிமிடத்தில் பளபளப்பைக் கொடுக்கும். கூடவே கூரான விளிம்புகளை மழுங்கடித்து, திருகுத் துளைகளைச் சுற்றிப் பள்ளம் பறித்து, முத்திரை எழுத்துகளைக் கரைத்துவிடும். தட்டையான பக்கத்துக்குத் தட்டையான எஃகுத் துண்டு அல்லது மரக்கட்டையில் எமரி பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுக்கு அந்த வளைவுக்கேற்ற கட்டை. ஆழமான குழிகள் இருந்தால் 220 எண் தாளில் தொடங்கி (எண் கூடக்கூடத் தாள் நுண்மையானது) 320, அப்புறம் 400. அதற்கு மேல் போக வேண்டாம். கண்ணாடி மாதிரி வழுவழுப்பான பரப்பில் துரு சீராகப் பிடிக்காது. ஒரு தாளின் கீறல் முழுவதும் போனபின்தான் அடுத்த தாள். ஆலையில் எந்தத் திசையில் தேய்த்திருக்கிறார்களோ, பெரும்பாலும் ஸ்லைடின் நீளவாக்கில், கடைசித் தேய்ப்பும் அதே திசையில் இருக்கட்டும். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி மிஞ்சினால் அதை விட்டுவிடுங்கள். குழி வயதைக் காட்டும், மங்கிய எழுத்து யாரோ கைவைத்ததைக் காட்டும்.

பிசுக்கு நீக்கம்

இதற்குப் பிறகு வெறுங்கை கூடாது, நைட்ரைல் கையுறைதான். அசிட்டோனால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சுத்தமான வெந்நீரில் அலசுங்கள். தண்ணீர் பரப்பு முழுவதும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்பவும் கழுவுங்கள். அசிட்டோனைத் திறக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும்.

தடவு, துருவேற்று, வேகவை, துடை

இதற்கென்றே கடையில் கிடைக்கும் கரைசலை வாங்குங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் உப்பும் வினிகரும் கலந்து சிலர் தடவுகிறார்கள். துரு நிமிடத்தில் வரும், ஆனால் முரட்டுத்தனமாக வந்து பரப்பைக் குழியாக்கிவிடும். நல்ல பிஸ்டலுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குழலின் இருமுனையிலும் மரத்தக்கை அடைத்துக்கொள்ளுங்கள். பஞ்சைக் கரைசலில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள், ஈரம் மட்டும் இருந்தால் போதும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. தடவிய இடத்தில் திரும்பத் தேய்க்காதீர்கள். சில கரைசல்களில் செப்பு உப்பு உண்டு, தேய்த்தால் செம்பு நிறம் படியும்.

பிறகு ஈரப்பெட்டி. மூடியுள்ள பெட்டியில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து, பாகங்களை ஒன்றோடொன்று படாமல் தொங்கவிடுங்கள். 25 முதல் 30 டிகிரி சூடும், 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் நன்றாக வேலை செய்யும். மூடியில் நீர் கோத்துச் சொட்டினால் அந்தச் சொட்டு கறையாகிவிடும். சில மணி நேரத்தில் எஃகின் பளபளப்பு மங்கும், பிறகு ஆரஞ்சு நிறத்தில் பொடிபோல் நுண்ணிய துரு பரப்பெங்கும் ஏறும். அந்த நிலையில் எடுத்துவிட வேண்டும். ஒரே இரவு என்று கணக்கு வைக்காமல் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்; தடிமனாகச் செதில் கட்டவிட்டால் அடியில் குழி விழும்.

தக்கைகளைக் கழற்றிவிட்டு, கொதிக்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாகங்களை இறக்குங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பும் குளோரினும் புள்ளி வைக்கும். ஆரஞ்சு முதலில் பழுப்பாகும், பிறகு ஊதா கலந்த கறுப்பாகும். பதினைந்து இருபது நிமிடம் கொதிக்கட்டும். எடுத்தால் தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். குழலுக்குள் மட்டும் உடனே துணி விட்டுத் துடையுங்கள்.

இப்போது பாகம் அழுக்கான கறுப்பு வெல்வெட்டாகத் தெரியும். மிக மெல்லிய கம்பி பிரஷ்ஷோ 0000 என்ற மிக நுண்ணிய எஃகு நாரோ கொண்டு லேசாகத் துடைத்தால் கறுப்புப் பொடி உதிர்ந்து, அடியில் ஒட்டிய நிறம் தெரியும். எஃகு நாரில் ஆலையிலேயே எண்ணெய் பூசியிருப்பார்கள், அதை அசிட்டோனில் அலசிய பின்தான் பயன்படுத்த வேண்டும். முதல் சுற்றில் வெளிறிய சாம்பல்தான் வரும், அங்கங்கே திட்டுத்திட்டாகவும் இருக்கும். கவலை வேண்டாம். மூன்றாவது நான்காவது சுற்றில் நிறம் ஒன்றுசேரும். ஆறிலிருந்து பத்துச் சுற்றுக்குள், இனி ஆழமாகவில்லை என்ற இடம் வரும். அங்கே நிறுத்துங்கள்.

முடிப்பு

கரைசலின் அமிலம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் எண்ணெய்க்கு அடியில் துரு தொடரும். சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை கொதிக்கவைத்து, சுத்தமான வெந்நீரில் அலசி, சூடு ஆறும் முன்பே எண்ணெயில் முக்கி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் துடைக்கும்போதுதான் அந்த நீலச்சாயல் தெளிவாகத் தெரியும். மேலும் சில நாள் பார்த்துக்கொண்டிருங்கள். மூலையில் பழுப்பு எட்டிப்பார்த்தால் அந்த இடத்தைத் திரும்ப வேகவைத்துத் துடைக்கலாம்.

பிறகு படங்களைப் பார்த்துப் பாகங்களைப் பூட்டுங்கள். சேஃப்டியும் ட்ரிகரும் சரியாக இயங்குகின்றனவா என்று தோட்டா இல்லாமல் சோதியுங்கள். சுடும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் அறையையும் குழலையும் பழைய ஸ்பிரிங்குகளையும் காட்டிவிடுங்கள்.