இங்கிலாந்துல லிவரி யார்டு எடுக்கப் போறீங்களா? இன்சூரன்ஸ் பாலிசியோட விலக்கு பக்கத்தை முதல்ல படிங்க

வந்து சில வருஷம் வேலை பாத்து கொஞ்சம் காசு சேத்து, டவுன் போதும்டா சாமி, கிராமப் பக்கம் ஒரு குதிரை லாயத்தை குத்தகைக்கு எடுத்து நடத்தலாம்னு யோசிக்கற நம்மாளுங்களுக்காக இதை எழுதறேன். போன வருஷம் என் மாமா பையன் பட்ட பாட்டை கூட இருந்து பாத்தேன், இன்னும் மனசு ஆறல.

எங்களுக்கு அந்தியூர். ஆடியில குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழா சந்தைக்கு கத்தியவாரும் மார்வாரியுமா வந்து நிக்கும், தாத்தா தோள்ல உக்காந்து பாத்து வளந்தவங்க நாங்க. குதிரை காதை எந்தப் பக்கம் சாய்க்குதுன்னு பாத்தாலே அதுக்கு என்ன கோவம்னு மாப்ளைக்குத் தெரியும். அவன் லெஸ்டர்ஷயர்ல பன்னெண்டு குதிரை கட்டற யார்டை எடுத்தப்ப எனக்கு அவ்ளோ பெருமை.

லிவரின்னா அடுத்தவங்க குதிரைய நம்ம இடத்துல வச்சுக்கிட்டு மாசாமாசம் காசு வாங்கறது. டிஐஒய்னா ஓனரே வந்து லத்தி அள்ளி தீனி போட்டுக்குவாங்க, ஃபுல் லிவரின்னா எல்லாமே நம்ம தலையில. வெறும் லிவரிக்கு இங்கிலாந்துல லைசென்ஸ் வேண்டாம், ஆனா குதிரைய சவாரிக்கு வாடகைக்கு விட்டாலோ காசு வாங்கி சவாரி சொல்லிக்கொடுத்தாலோ 2018 விதிப்படி உள்ளூர் நிர்வாகமான கவுன்சில்ல லைசென்ஸ் எடுத்தாகணும்.

பிசினஸ் ரேட்ஸ், அதாவது தொழில் நடத்தற இடத்துக்குக் கட்டற வரி, அந்த விஷயத்தை சட்டுனு சொல்லிடறேன். நம்ம ஊர்ல தோட்டத்துல கொட்டாய் போட்டா விவசாயம், வரி யாரும் கேக்க மாட்டாங்க. இங்கயும் விவசாயத்துக்கு ரேட்ஸ் விலக்கு இருக்கு, ஆனா சவாரிக் குதிரை விவசாயக் கணக்குல வராது. சும்மா மேயற புல்தரை பொதுவா தப்பிச்சுக்கும், லாயம், சேணம் வைக்கற ரூம், மெனாஜ்னு சொல்ற மணல் போட்ட சவாரி மைதானம் எல்லாம் மாட்டும். முன்னாடி அங்க மாடு கட்டியிருந்தாங்கங்கறது உதவாது. மதிப்பு போடறது வேல்யுவேஷன் ஆபீஸ், பில் அனுப்பறது கவுன்சில். அவங்க போடற மதிப்பு (ரேட்டபிள் வேல்யூ) 12,000 பவுண்டு வரைக்கும், உங்களுக்கு அந்த ஒரு இடம்தான்னா, சிறு தொழில் சலுகையில ஒண்ணும் கட்ட வேண்டாம், அதுக்கு மேல 15,000 வரைக்கும் சலுகை படிப்படியா குறையும், 13,500ன்னா பாதி. கவுன்சிலுக்கு நீங்களாத்தான் விண்ணப்பிக்கணும். வேல்யுவேஷன் ஆபீஸ்ல இருந்து வாடகை விவரம் கேட்டு ஃபார்ம் வந்தா 56 நாளுக்குள்ள அனுப்பிடுங்க, இல்லன்னா 100 பவுண்டு அபராதம். மதிப்பு ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா முதல்ல விவரத்தை சரிபாக்கற ‘செக்’னு ஒண்ணு, அதுலயும் தீரலன்னா ‘சேலஞ்ச்’, கடைசியா அப்பீல். எல்லாம் நீங்களே ஆன்லைன்ல ஆரம்பிக்கலாம், நாங்க குறைச்சுத் தர்றோம்னு போன் பண்றவங்களுக்கு முன்பணம் குடுத்துடாதீங்க.

இப்ப இன்சூரன்ஸ். ஒரு ஆளை வேலைக்கு வச்சாலும் வேலையாளுக்கு அடிபட்டா குடுக்கற எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி கட்டாயம், 1969 சட்டம், குறைஞ்சது 50 லட்சம் பவுண்டு கவர். இல்லாம ஓட்டற ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரைக்கும் அபராதம் போடலாம். புருஷன் பொண்டாட்டி மட்டும்தான் பாக்கறோம்னா நெருங்கின சொந்தத்துக்கு விலக்கு உண்டு, ஆனா லிமிடெட் கம்பெனியா பதிஞ்சுட்டா அந்த விலக்கை நம்பாதீங்க. சனிக்கிழமை வந்து லாயம் கூட்டிட்டு சம்பளத்துக்குப் பதிலா ஒரு ரவுண்டு சவாரி போற பள்ளிக்கூடப் பிள்ளைங்களையும் இன்சூரன்ஸ்காரங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

மாப்ளை இது எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சிருந்தான். எம்ப்ளாயர்ஸ் இருந்துச்சு, வெளியாளுக்கான பப்ளிக் லயபிலிட்டியும் இருந்துச்சு, சர்ட்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தான். நவம்பர்ல ஒரு ராத்திரி, வேலைக்கு வர்ற பையன் ஒரு லாயக் கதவுல மேல் தாழ்ப்பாளை மட்டும் போட்டுட்டு கீழ கால்ல தட்டி விடற தாழ்ப்பாளை மறந்துட்டுப் போயிட்டான். உள்ள இருந்த பெண் குதிரை கெட்டிக்காரி, உதட்டாலயே மேல் தாழ்ப்பாளைத் தள்ளிட்டு வெளிய வந்து தீனி ரூம்ல பூந்து விடியற வரைக்கும் மூட்டை மூட்டையா தின்னிருக்கு. காலைல வயித்து வலில உருண்டுக்கிட்டு இருந்துச்சு. டாக்டர், ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பொழைச்சுக்குச்சு. பில் 9,300 பவுண்டு. ஓனர் அம்மாவோட பாலிசில வைத்தியச் செலவுக்கு 5,000தான் உச்ச வரம்பு, மிச்சத்தை மாப்ளைகிட்ட கேட்டாங்க, கேட்டதுல நியாயம் இருக்கு, தாழ்ப்பாளை விட்டது நம்ம ஆள்.

மாப்ளை நிம்மதியா கிளெய்ம் போட்டான். பத்து நாள்ல பதில் வந்துச்சு, முடியாதுன்னு. அவனோட பாலிசி வெளியாளுக்கு அடிபட்டா, வெளியாள் பொருள் சேதமானா குடுக்கும், ஆனா உங்க பொறுப்பிலயோ பராமரிப்புலயோ கட்டுப்பாட்டுலயோ இருக்கற பொருளுக்குக் குடுக்காதுன்னு விலக்குல ஒரு வரி. சட்டத்துக்கு குதிரை ஒரு பொருள். ஃபுல் லிவரில நிக்கற பன்னெண்டு குதிரையும் அவன் பொறுப்புல இருக்கற பொருள். அதாவது அவன் தொழிலே எதுவோ, அது மட்டும் அந்தப் பாலிசில இல்ல! பாலிசிய வித்தவர் எத்தனை குதிரைன்னு கேட்டு எழுதிக்கிட்டார், யாரோட குதிரைன்னு ஒரு வார்த்தை கேக்கல. இதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் எரியுது.

இதுக்குன்னு தனியா ‘கேர், கஸ்டடி, கன்ட்ரோல்’னு ஒரு கவர் இருக்கு, பப்ளிக் லயபிலிட்டியோட சேத்து வாங்கணும். இந்த மூணு வார்த்தையையும் அப்படியே சொல்லிக் கேளுங்க. அவன் சேமிப்புல இருந்து 4,300 எடுத்துக் குடுத்தான். அந்த தை மாசம் ஊருக்குப் போக டிக்கெட் போட வச்சிருந்த காசு அது, அத்தை போன்ல அழுதது எனக்குத்தான் தெரியும்.

அதுக்காக பப்ளிக் லயபிலிட்டி சட்டத்துல கட்டாயம் இல்லையேன்னு விட்டுடாதீங்க. 1996ல டெவன்ல மூணு குதிரை எதையோ கண்டு மிரண்டு வேலிய ஒடைச்சுட்டு ராத்திரில ஏ380 ரோட்டுக்கு ஓடுச்சு, ஒரு கார்ல மோதி ஓட்டினவருக்கு பலத்த அடி. வேலி சரியாத்தான் இருந்துச்சு, வச்சிருந்தவங்க மேல கவனக்குறைவு எதுவும் இல்ல. ஆனாலும் 1971 விலங்குச் சட்டப்படி அவங்கதான் பொறுப்புன்னு 2003ல, அப்ப உச்ச நீதிமன்றமா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ், மூணுக்கு ரெண்டுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. குதிரைய கைவசம் வச்சிருக்கறவரும் அந்தச் சட்டத்துல கீப்பர்தான், அதாவது பொறுப்பாளிதான், ஓனர் மட்டும் இல்ல.

வாங்கும்போது ஒரு குதிரைக்கு உச்சபட்சம் எவ்ளோ, மொத்தம் எத்தனை குதிரைன்னு மெயில்லயே எழுதி வாங்கிக்குங்க, போன்ல சொன்னது நிக்காது. வைத்தியச் செலவும் சேருமா, குதிரை செத்தா மட்டும்தானான்னு கேளுங்க. இப்ப மாப்ளை பாலிசில ஒரு குதிரைக்கு 10,000. போன மாசம் ஒரு அம்மா 25,000 பவுண்டு டிரெஸாஜ் (போட்டிக்குப் பழக்கின) குதிரையோட வந்தாங்க, காலி லாயம் இருந்துச்சு, காசும் தேவைதான். வரம்பை ஏத்தி கடுதாசி கைக்கு வர்ற வரைக்கும் அவங்கள நாலு நாள் காக்க வச்சுட்டுத்தான் கதவைத் திறந்தான்.