மைலேஜ் குறைந்தால் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றும் முன்: ஏற்காடு மலைப்பாதையில் ஒரு சோதனை

செக் எஞ்சின் லைட் எரிகிறது, மைலேஜும் அடிவாங்குகிறது என்று ஒர்க்ஷாப்பில் போய் நின்றால் ஒரு இடத்தில் “ஓ2 சென்சர் போச்சுங்க, மாத்திடலாம்” என்பார்கள், இன்னொரு இடத்தில் “கழட்டி பெட்ரோல்ல ஊறவெச்சு கிளீன் பண்ணிடலாம்” என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டும் முன் அரைநாள் ஒதுக்கிச் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பல நேரங்களில் அந்தச் சென்சர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், கோளாறு வேறெங்கோ இருக்கும். இங்கே எழுதியிருப்பதெல்லாம் பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களுக்கு. டீசல் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு.

முதலில் மைலேஜ் நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டில் காட்டுகிற எண்ணை நம்பவேண்டாம். ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், தானாக கட்ஆஃப் ஆகும் வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு 300 கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி அங்கேயே கட்ஆஃப் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுங்கள். அந்த 300 கிலோமீட்டருக்குள் ஏற்காடு பயணம் இருந்தால் கணக்கு கெட்டுவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரை 1,200 மீட்டருக்கு மேல் தூக்குவதற்கு மட்டுமே, எஞ்சினின் திறனை நூற்றுக்கு 25 என்று வைத்தால், ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பெட்ரோல் கூடுதலாகப் போகும், இறங்கும்போது அதில் கொஞ்சம்தான் திரும்பக் கிடைக்கும். “ஞாயித்துக்கிழமை ஏற்காடு போயிட்டு வந்ததுல இருந்து மைலேஜே இல்லீங்க” என்கிறவர்களில் பலருக்கு இதுதான் விஷயம்.

இரண்டாவது, ஈ20 பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதில் 20 சதவீதம் கலந்தால் ஒரு லிட்டரின் மொத்த ஆற்றலில் 6, 7 சதவீதம் போய்விடுகிறது. லிட்டருக்கு 18 கொடுத்த பழைய கார் 17 கொடுத்தால் அதற்காகச் சென்சரைத் தேடிப் போகாதீர்கள். 18 கொடுத்தது 13க்கு வந்துவிட்டது என்றால் மேலே படியுங்கள்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவை சில. டயர் காற்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பார்க்க, சமதளத்தில் அதிகம் பிரேக் அடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி நான்கு வீல்களுக்குப் பக்கத்திலும் கையைக் காட்டுங்கள், ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே காலிப்பரையோ ஹேண்ட்பிரேக் கேபிளையோ பார்க்கவேண்டும். மலையிலிருந்து இறங்கியவுடன் இதைச் செய்யாதீர்கள், எல்லாமே கொதிக்கும். அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற வால்வு. அது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவும் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். ஏற்காட்டிலேயே குடியிருந்து காலையில் ஏரி வரை, கடைவீதி வரை என்று ரெண்டு ரெண்டு கிலோமீட்டராக ஓட்டுகிறவர்களுக்குத் தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தாலும் இதே நிலைதான், அந்தக் குளிரில் எஞ்சின் சூடாகும் முன் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள்.

இனி சென்சர். புகைக்குழாயில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு ஒரு சின்ன வோல்ட்டேஜைக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆக்சிஜன் குறைவாக இருந்தால், அதாவது பெட்ரோல் அதிகம் போனால், 0.9 வோல்ட் பக்கம் போகும். ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 பக்கம் இறங்கும். நடுக்கோடு 0.45. உள்ளே இருக்கிற சிர்கோனியா பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதனால்தான் உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சென்சர்கள் இருக்கும். பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பதில் முன்னால் இருப்பதுதான் முக்கியம், பின்னால் இருப்பது பெரும்பாலும் கன்வர்ட்டரைக் கண்காணிக்கத்தான். பின்சென்சரைக் கழற்றிக் கழுவி மைலேஜ் ஏறும் என்று காத்திருப்பது வீண்.

ஸ்டீயரிங் பக்கம் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் கோளாறுகளைப் படிக்க வைத்திருக்கும் இணைப்பு) மாட்டுகிற புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. போனில் ஒரு ஸ்கேனர் ஆப் போட்டு மூன்று எண்களைத் திரையில் வையுங்கள்: முன்சென்சரின் வோல்ட்டேஜ், ஷார்ட் டேர்ம் ஃப்யூல் ட்ரிம், லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம். ட்ரிம் பிளஸ்ஸில் இருந்தால் இசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, மைனஸில் இருந்தால் குறைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் கூட்டி பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஈ20க்கு முந்தைய கார்களில் பிளஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பது இயல்பு, எத்தனாலுக்கு அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். வோல்ட்டேஜுக்குப் பதில் லாம்டா (காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் எண்) என்று 1.00க்குப் பக்கத்திலேயே ஒரு எண் நின்றால் உங்கள் காரில் இருப்பது வைட்பேண்ட் சென்சர். அதில் ஏறி இறங்கும் ஆட்டத்தை எதிர்பார்க்காதீர்கள், ட்ரிம்மை மட்டும் பாருங்கள்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்சரைச் சோதிக்க ஒர்க்ஷாப்காரர் வண்டியை நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்ப்பதைவிட நல்ல இடம் சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மேலே போகிற 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். கூட்டமில்லாத வேலைநாளில், காலை வெளிச்சம் வந்த பிறகு போங்கள். போனைப் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும், ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும். ஏறும்போது சீரான வேகத்தில் முன்சென்சர் 0.2க்கும் 0.8க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்கவேண்டும். வளைவு முடிந்து இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் பெரும்பாலான கார்களில் 0.8க்கு மேலே போய் நிற்கும். இறங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டால் இசியு இன்ஜெக்டர்களையே மூடிவிடும், வெறும் காற்றுதான் புகைக்குழாயில் போகும், அப்போது வோல்ட்டேஜ் பூஜ்யத்தை ஒட்டி விழவேண்டும். மேலேயும் கீழேயும் சட்டென்று போய் வருகிற சென்சருக்கு உயிர் இருக்கிறது. 0.45லேயே அசையாமல் நிற்கிறது, அல்லது கால் எடுத்து நெடுநேரம் கழித்து மெதுவாக இறங்குகிறது என்றால் சந்தேகப்படலாம். சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவார்கள். நியூட்ரலில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் செலவாகும், கியரில் இறங்கினால் அதுவும் ஆகாது, அதோடு பிரேக்கும் தப்பிக்கும்.

மேலே போய் டீ குடித்துவிட்டு வந்தால் எண்களைப் படிக்கலாம். சென்சரால் மைலேஜ் போகிறது என்பதற்கு ஒரு தனி அடையாளம் இருக்கிறது: ட்ரிம் பிளஸ் 15, 20 என்று ஏறி நிற்கும், ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கருகருவென்று கரி படிந்திருக்கும். பெட்ரோல் போதவில்லை என்று சென்சர் சொல்கிறது, பிளக்கோ அதிகம் போகிறது என்கிறது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். சென்சரைக் குற்றம் சொல்லும் முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பாருங்கள். சென்சருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, ஆக்சிஜன் மிஞ்சியதாகத் தோன்றும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் “டிக் டிக்” என்று வரும் சத்தம் அதற்கு நல்ல துப்பு. மிஸ்ஃபயரிலும் இப்படித்தான், எரியாமல் போன சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், பெட்ரோல் நாற்றம் அடிக்கும், சென்சர் மட்டும் லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை, என்று சொல்லும்.

ட்ரிம் பிளஸ், பிளக்கும் வெளுத்திருக்கிறது என்றால் உண்மையிலேயே பெட்ரோல் போதவில்லை. அந்த ட்ரிம் ஐட்லிங்கில் அதிகமாகவும் 2,500 ஆர்பிஎம்மில் குறைவாகவும் இருந்தால் வேக்கம் ஹோஸ் எங்கோ விட்டிருக்கிறது, லோடு ஏற ஏற அதிகமானால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர். ட்ரிம் மைனஸ் 15 என்றால் இன்ஜெக்டர் ஒழுகல், பர்ஜ் வால்வு (டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடுவது), மேப் சென்சர் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது) என்று போங்கள்.

ஸ்கேனர் ஆப்பில் எரர் கோடு பி0135 அல்லது பி0141 வந்தால் அது ஹீட்டர் சர்க்யூட், எத்தனை முறை கழுவினாலும் சரியாகாது. ஃபியூஸ் பாருங்கள், கனெக்டரைக் கழற்றி, சென்சர் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் முழுசாக இருக்கிறது, ஒன்றுமே காட்டாவிட்டால் எரிந்துபோயிற்று. வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், வீட்டு வாசலிலும் எஸ்டேட் ஷெட்டிலும் நிற்கும் வண்டிகளில் இது சாதாரணம்.

இத்தனைக்குப் பிறகும் சென்சர்தான் என்று தோன்றினால் கழற்றலாம். எஞ்சின் கைபொறுக்கும் சூட்டில் இருப்பது நல்லது, முழுசாக ஆறினால் மரை பிடித்துக்கொள்ளும், கொதித்தால் கை வெந்துவிடும். மரையில் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். முதலில் கனெக்டரைப் பிரிக்கவேண்டும், வயர் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான சென்சர்களுக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், வயர் போக வாய் வெட்டிய சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. வரவில்லை என்றால் சற்றே இறுக்கி மறுபடி தளர்த்துங்கள், முரட்டுத்தனம் காட்டினால் மேனிஃபோல்ட் மரையும் சேர்ந்து வந்துவிடும். காருக்கு அடியில் போகவேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள்.

முனையின் நிறம் நிறையச் சொல்லும். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் எரிந்திருக்கிறது. பிசுபிசுப்பான பழுப்பு, எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் படிவு என்றால் சிலிக்கா, அது கூலன்ட் எரிந்ததால் வந்திருக்கலாம், அல்லது கேஸ்கெட்டுக்குப் பதில் சாதாரண சிலிகான் பேஸ்ட் பூசியதால் வந்திருக்கலாம். சம்ப்புக்கும் வால்வு கவருக்கும் கைக்குக் கிடைத்த பேஸ்ட்டைத் தடவுகிற பழக்கம் சென்சருக்கு எமன். ‘சென்சர் சேஃப்’ என்று போட்டிருப்பதைத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

கழுவுவதால் கொஞ்சமாவது பலன் உண்டென்றால் அது கரிக்கு மட்டும். சிலிக்காவும் ஆயில் சாம்பலும் பீங்கானின் நுண்துளைகளை அடைத்துவிட்டால் எதில் ஊறவைத்தாலும் திரும்பாது. கரியும் கூட, காரணத்தைச் சரிசெய்துவிட்டு பைபாஸில் நல்ல சூட்டில் ஓட்டினால் தானாகவே எரிந்துபோகும். இருந்தாலும் செய்துபார்ப்பேன் என்றால், திறந்த வெளியில், நெருப்பு பக்கத்திலேயே இல்லாத இடத்தில், கண்ணாடி ஜாடியில் முனை மட்டும் மூழ்குமளவு பெட்ரோல் விட்டு, ஜாடியை மூடி, இரவு முழுக்க ஊறவிட்டு, மெல்லிய டூத்பிரஷ்ஷால் கூண்டை லேசாகத் துடைத்து, முழுசாகக் காயவிட்டு மாட்டுங்கள். கம்பி பிரஷ், எமரி, ஆசிட், கேஸ் அடுப்பு நெருப்பு எதுவும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும் அல்லது பீங்கான் விரிசல் விடும். கனெக்டருக்குள் ஸ்பிரேயோ கிரீஸோ போடாதீர்கள், பல சென்சர்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை அந்த வயர்வழியாகத்தான் எடுக்கின்றன.

மலைச்சோதனையில் மந்தமாக இருந்த சென்சருக்கு நான் கழுவச் சொல்லமாட்டேன், மாற்றுங்கள் என்பேன். பாஷ், டென்சோ, என்டிகே போன்றவற்றில் உங்கள் காரின் பார்ட் நம்பருக்குப் பொருந்துவதை பில்லோடு வாங்குங்கள், போலி நிறைய உலவுகிறது. வயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் வகை மலிவாகக் கிடைக்கும், இணைப்பில் தொல்லை வரும், தவிர்ப்பது நல்லது. புது சென்சரின் மரையில் பெரும்பாலும் மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் பூசியே வரும். இல்லாவிட்டால் மரையில் மட்டும் துளி பூசுங்கள், முனையில் படவே கூடாது. முதலில் கையால் திருகி, அப்புறம் ஸ்பேனர்.

ஸ்கேனர் ஆப்பில் எரர் கோடை அழித்துவிட்டு, இசியு புதிதாகக் கற்றுக்கொள்ள ஊருக்குள்ளும் பைபாஸிலும் கலந்து ஓட்டுங்கள். லாங் டேர்ம் ட்ரிம் பத்துக்குள் வந்து நின்ற பிறகு, முன்பு அளந்த அதே பங்க்கில் டேங்கை நிரப்பி மறுபடி கணக்கு போடுங்கள். ட்ரிம் திரும்பவும் ஏறினால் சென்சரை விட்டுவிட்டு எக்ஸாஸ்ட் கசிவைத் தேடுங்கள்.